பெட்ரோ என்பவர் யார்?

அல்வாய்க்காரன் ஒருவனிடம் "எந்த ஊர்?" என்று கேட்டுப் பாருங்கள். உடனே பதில் வராது. முதலில் உங்களை ஒருதரம் மேலும் கீழுமாகப் பார்ப்பான். கேட்கிறவர் எங்கத்தையவர் என்று பிடிபட்ட பிறகுதான் வாய் திறப்பான். வெள்ளைக்காரன் கேட்டால் சிறீலங்கா. கொழும்பில் இருப்பவன் கேட்டால் யாழ்ப்பாணம். யாழ்ப்பாண ரவுனுக்குள் இருப்பவன் கேட்டால் பருத்தித்துறை. பருத்தித்துறைக்காரன் கேட்டால் அல்வாய். அல்வாய்க்காரனே கேட்டுவிட்டானென்றால் கோயில், ஒழுங்கை, வேலி, வேலிக்குப் பின்னால் நிற்கிற மாமரம் வரைக்கும் பதில் போகும். இதில் ஒரு பொய்யும் இல்லை. கேட்கிறவனுக்கு வீண் கரைச்சல் குடுக்கக்கூடாது என்கிற நல்ல மனசுதான்.

இந்த நல்ல மனசுதான் அருமைராசாவின் குடியைக் கெடுத்தது.

அருமைராசாவுக்கு ஐம்பத்தொரு வயது. மொன்ட்ரியாலில், பார்க் எக்ஸ்டென்ஷனில், மூன்றாம் மாடியில் ஒரு அறை. சென்ட் லோரன்டில் ஒரு மருந்துத் தொழிற்சாலையில் பெட்டிகளுக்கு லேபல் ஒட்டுகிற வேலை. எந்தப் பெட்டி எங்கே செய்யப்பட்டது என்று அந்த லேபலில் இருக்கும். ஒரு நாளைக்கு இரண்டாயிரம் பெட்டி ஒட்டுவார். இதுவரைக்கும் ஒரு பெட்டியையும் யாரும் திருப்பி அனுப்பியதில்லை.

பதின்மூன்று வருடத்துக்கு முந்தி விமான நிலையத்தில் வந்து இறங்கி, நான் அகதி என்று சொன்னபோது, அதிகாரி "பிறந்த இடம்?" என்று கேட்டார். கேட்டவர் வெள்ளைக்காரர் என்றபடியால் இவர் "சிறீலங்கா" என்றார். "சிறீலங்காவில் எங்கே?" "ஜஃப்னா." "ஜஃப்னாவில் எங்கே?" இவ்வளவு தூரம் குடைகிற மனுசன் விசயம் தெரிந்தவராகத்தான் இருப்பார் என்று நினைத்து, "பொயின்ற் பெட்ரோ" என்றார். பருத்தித்துறைக்கு இங்கிலீசில் அதுதான் பெயர். தேசப்படத்திலும் அப்படித்தான் போட்டிருக்கிறது. அதிகாரி எழுதிக்கொண்டார்.

பிறகு அகதி வழக்கு விழுந்தது, எழும்பியது, திரும்பவும் விழுந்தது. கடைசியில் போன வருடம் மனிதாபிமானம் என்று சொல்லி நிரந்தர வதிவிடம் குடுத்தார்கள். குடுத்த அந்தக் கிழமையே, ஊரில் இருக்கிற மனைவி சிவாஜினியையும் ஒரே மகள் நிருஷாவையும் கூப்பிடுகிற படிவத்தை அருமைராசா கையில் எடுத்தார். விட்டுவிட்டு வந்தபோது நிருஷாவுக்கு எட்டு வயது. இப்போது இருபத்தொன்று. சட்டப்படி அவளுடைய இருபத்திரண்டாவது பிறந்தநாளுக்கு முந்திக் கோப்பு பதிவாக வேண்டும். ஒரு நாள் பிந்தினாலும் அவள் பிள்ளை என்கிற கணக்கில் சேரமாட்டாள். தாய் வரலாம், மகள் அங்கேயே நிற்க வேண்டியதுதான். பிறந்தநாள் மார்ச் பதினேழு.

படிவம் நிரப்பிக் குடுத்தவர் இரவிச்சந்திரன். ஜோன் தலோன் தெருவில் சேலைக்கடைக்கு மேலே ஒரு கொம்பியூட்டரும் இரண்டு கதிரையும் வைத்துக்கொண்டு பாதி யாழ்ப்பாணத்துக்குப் படிவம் நிரப்பியவர்.

"அண்ணை, இனி உங்களிட்டைப் பேப்பர் இருக்கு. இனியும் என்னத்துக்குப் பொயின்ற் பெட்ரோ எண்டு பூசி மெழுகிறியள்? சொந்த ஊரை நெஞ்சை நிமித்திச் சொல்லுங்கோ."

அருமைராசாவும் நெஞ்சை நிமிர்த்தி அல்வாய் என்று எழுதுவித்தார். கூடவே பிறப்புச் சான்றிதழை வைத்தார். அதில் மந்திகை என்று இருந்தது. அந்தப் பக்கத்துச் சனம் முக்கால்வாசியும் மந்திகை ஆசுப்பத்திரியில்தான் பிறந்தது. நிருஷாவும் அங்கேதான் பிறந்தாள். ஆனால் கடவுச்சீட்டு எடுக்கப் போனபோது, கொழும்பில், யாழ்ப்பாணத்தில் எங்கே என்று குடைந்து கேட்கிறார்களே என்று, அவள் பொயின்ற் பெட்ரோ என்று எழுதிவிட்டாள். தகப்பனின் நல்ல மனசு மகளுக்கும் இருக்காதா?

நவம்பர் மாதம் கடிதம் வந்தது. "தங்கள் விண்ணப்பம் எமக்குக் கிடைத்தது. ஆனால் கிடைத்ததாகக் கருதப்படவில்லை" என்று தொடங்கியது. அல்வாய், மந்திகை என்பன சிறிய இடங்கள், அவற்றை மன்னிக்கலாம். பொயின்ற் பெட்ரோ என்பது ஆங்கிலப் பெயர். ஆங்கிலேயர் அல்லாத இருவர் ஆங்கிலப் பெயருள்ள ஓர் இடத்தில் எப்படிப் பிறந்தார்கள் என்பது தெளிவில்லை. ஆகவே, அந்தப் பெயரின் மூலத்தையும் பொருளையும் இடப்பெயர்த் தெளிவுப் பணியகத்தில் நிரூபித்துச் சான்றிதழ் பெற்றுவரவும். அதுவரை கோப்பு பதிவாகாது.

சிவாஜினியைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை. அவள் பிறந்தது கொழும்பில். கொழும்பு என்றால் என்ன அர்த்தம் என்று ஒருவரும் கேட்கவில்லை. அது ஏற்கெனவே கணினிப் பட்டியலில் இருந்தது.

தெளிவுக் கந்தோர் என்று எங்கள் சனம் சொல்லுகிற அந்தப் பணியகம் நகரத்துக்குள் ஏழாம் மாடியில் இருக்கிறது. வாசலில் நாற்பது மொழியில் நல்வரவு எழுதியிருக்கிறது. தமிழ் நல்வரவு தலைகீழாக ஒட்டப்பட்டிருக்கிறது, ஆனாலும் ஒட்டியிருக்கிறார்கள். உள்ளே பக்கத்துப் பக்கத்தில் இரண்டு யன்னல். ஒன்றில் "மூலம்", மற்றதில் "பொருள்". இரண்டுக்கும் வேறு வேறு இலக்கச் சீட்டு எடுக்க வேண்டும். இரண்டு யன்னலுக்கும் பின்னால் இருப்பது ஒரே ஆள், மதாம் பெலான்ஜே. சில்லுக் கதிரையில் அங்கேயும் இங்கேயுமாக உருண்டுகொண்டிருப்பார். மூலம் யன்னலில் சொன்னதைப் பொருள் யன்னலில் திரும்பவும் சொல்ல வேண்டும். அங்கே வந்ததும் அவருக்கு உங்களைத் தெரியாது.

மொழிபெயர்க்க ராதா என்றொரு பிள்ளை வந்தாள். சென்னைப் பிள்ளை, இங்கே பல்கலைக்கழகத்தில் படிக்கிறவள்.

"சார், பெட்ரோ என்பவர் யாருன்னு மேடம் கேக்கறாங்க."

"பெட்ரோ எண்டு ஒருத்தருமில்லை பிள்ளை. அது கல்லு. முந்திப் பறங்கியர், போத்துக்கீசர், கடலாலை வந்தவை. கரையைப் பாத்தால் முழுக்கக் கல்லு. கல்லு முனை எண்டு தங்கடை பாசையிலை சொன்னவையாம். பேந்து வந்த இங்கிலீஸ்காரன் அதைப் பெட்ரோ ஆக்கிப்போட்டான். அப்பிடித்தான் சொல்லுகினம்."

மதாம் கனநேரம் தட்டெழுதினார்.

"கல்லுக்கு எதுக்கு மனுஷன் பேரு வச்சீங்கன்னு கேக்கறாங்க."

"நான் வைக்கேல்லை. இங்கிலீஸ்காரன் வைச்சவன்."

"அவர் கையெழுத்துப் போட்ட லெட்டர் வேணுமாம்."

"ஐயோ பிள்ளை, அவன் செத்து இருநூறு வருசத்துக்கு மேலை!"

ராதா அதையும் மொழிபெயர்த்தாள். மதாமின் முகத்தில் உண்மையான அனுதாபம் தெரிந்தது.

"ரொம்ப வருத்தப்படறாங்க சார். அப்போ டெத் சர்ட்டிபிகேட் போதும்னு சொல்றாங்க."

இல்லையென்றால் கல்லையாவது காட்ட வேண்டும், கடல் பக்கமிருந்து ஒன்றும் தரைப் பக்கமிருந்து இரண்டுமாக மூன்று படம் வேண்டும் என்றார்கள். அருமைராசா வீட்டுக்கு வந்து ஊருக்கு ஃபோன் எடுத்தார். நிருஷா சைக்கிளை எடுத்துக்கொண்டு அல்வாயிலிருந்து பருத்தித்துறைக் கரைக்குப் போனாள். இடுப்பளவு தண்ணீரில் நின்று கரையைப் படம் எடுத்தாள். கால் வழுக்கி முழங்கால் கிழிந்தது, ஆனால் மூன்று படமும் வந்து சேர்ந்தன. இவ்வளவு கெட்டிக்காரியாய் வளர்ந்திருக்கிறாளே, அதில் ஒரு நாளையும் நான் பார்க்கவில்லையே என்று, அருமைராசா அந்தப் படங்களைப் பார்த்துக்கொண்டு இருந்து அழுதார். படத்தில் அவள் இல்லை; வெறும் கல்லுத்தான்.

வெறும் கல்லு என்றும் சொல்ல முடியாது. இரண்டாவது படத்தில் ஒரு மனுசன் கல்லில் குந்தியிருந்து வலையில் சிக்கெடுத்துக்கொண்டிருந்தார். மதாம் பெலான்ஜே கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பவும் போட்டார்.

"சார், இவர்தான் பெட்ரோவான்னு கேக்கறாங்க."

"இல்லை! உது ஆரோ மீன்பிடிக்கிற மனுசன்."

"பெட்ரோ இல்லைன்னு எப்படித் தெரியும்?"

 இப்படிக் கேட்டால் நீங்கள்தான் என்ன சொல்லுவீர்கள்? ஆகவே நிருஷா திரும்பவும் கரைக்குப் போய், நாலு நாள் அலைந்து, அந்த மனுசனைக் கண்டுபிடித்தாள். அவருடைய பெயர் சவிரிமுத்து. நல்ல மனுசன், கதையைக் கேட்டுச் சிரித்துவிட்டு, பிள்ளை தகப்பனிடம் போக வேண்டுமென்றால் தான் எங்கேயும் ஒப்பம் வைக்கத் தயார் என்று சொல்லி, சமாதான நீதவான் வீட்டுக்கு, இடுப்பில் கட்டியிருந்த சாரத்தோடேயே வந்தார். "கீழே ஒப்பமிட்டுள்ள சவிரிமுத்து ஆகிய நான், பெட்ரோ அல்ல. எனது தகப்பனாரும் பெட்ரோ அல்ல. நான் கல்லில் இருந்தேனேயொழிய, கல்லு எனக்குச் சொந்தமில்லை" என்று எழுதி, முத்திரை குத்தி அனுப்பினார்கள்.

அந்தச் சத்தியக்கடதாசியை மதாம் பெலான்ஜே எழும்பி நின்று வாங்கினார். பணியகத்தின் வரலாற்றில் இது ஒரு பெரிய முன்னேற்றம் என்றார். பெட்ரோ அல்லாத ஒருவர் முதன்முதலாக உறுதிப்படுத்தப்பட்டுவிட்டார். இனி அந்த ஊரில் மிச்சம் இருப்பவர்களும் இதே மாதிரி ஒவ்வொரு கடிதம் குடுத்தால் மூலம் யன்னலில் அலுவல் முடிந்துவிடும்.

அப்போது டிசம்பர் முடிகிற காலம். அருமைராசா சாப்பாட்டைக் குறைத்துவிட்டார், சோறு இறங்கவில்லை. வேலைத்தலத்தில் லேபலை மாறி ஒட்டத் தொடங்கினார். நாள்காட்டியில் மார்ச் பதினேழைப் பார்க்கப் பயந்து, அந்தத் தாளைக் கிழித்து அலுமாரிக்குள் வைத்தார். கிழித்து வைத்தால் நாள் வராமல் விடுமா? மனுசனுக்குப் புத்தி அந்தளவுக்குக் கலங்கிப்போய் இருந்தது.

இரவிச்சந்திரனிடம் ஓடினார்.

"அண்ணை, மூலத்தை விடுங்கோ. மற்ற யன்னலுக்குப் போங்கோ. எங்கடை பெயருக்கு அர்த்தம் பளிச்செண்டு இருக்கெல்லே. பருத்தி ஏத்தின துறை, பருத்தித்துறை. சின்னப்பிள்ளைக்கும் விளங்கும்."

"உவைக்கு விளங்குமோ?"

"விளங்காமல்? பருத்தி எண்டால் பருத்திதானே."

நம்பிப் போனார். பொருள் யன்னலில் இலக்கம் எடுத்து மூன்று மணித்தியாலம் இருந்தார். மதாம் கதிரையை உருட்டிக்கொண்டு வந்து, முதன்முதலாகச் சந்திப்பதுபோலக் கைகுடுத்தார். அருமைராசா பருத்திக் கதையைச் சொன்னார். மதாம் கேட்டுவிட்டுப் பேனையைக் கீழே வைத்தார்.

"சார், அந்த ஜன்னல்ல நீங்க கல்லுன்னு சொல்லியிருக்கீங்க. இங்க வந்து பஞ்சுன்னு சொல்றீங்க. ஒண்ணு கெட்டி, ஒண்ணு மெத்து. ஒரே இடம் ரெண்டாவும் எப்படி இருக்கும்னு கேக்கறாங்க."

"அது இங்கிலீஸ் பெயர், இது தமிழ்ப் பெயர். இடம் ஒண்டுதான் பிள்ளை!"

"அப்போ முரண்பாட்டுக் குழுவுக்கு அனுப்பறாங்களாம். ஹியரிங் பிப்ரவரி பதினெட்டு." ராதா குரலைத் தாழ்த்தினாள். "சார், நான் இதைச் சொல்லக்கூடாது. ஆனா எனக்கே அழுகையா வருது."

அருமைராசா அவளுக்கு ஆறுதல் சொன்னார். வேறு யாருக்குச் சொல்ல?

பெப்ரவரி பதினெட்டு பனி கொட்டித் தள்ளியது. பஸ் வராமல் அக்காடி மெற்றோ வரைக்கும் நடந்து, நனைந்த சப்பாத்தோடு ஏழாம் மாடிக்கு ஏறினார். பெரிய மண்டபம். ஊர்ப்பெயர்ப் பிரச்சினையோடு அறுபது எழுபது பேர் இருந்தார்கள். எல்லார் முகமும் ஒரே மாதிரித்தான் இருந்தது. பணிப்பாளர் மெசியே தெரோசியே மேடையில் ஏறினார். அழகான மனுசன், அழகான குரல். அவர் பேசியதை ராதா அருமைராசாவின் காதுக்குள் சொன்னாள். சாராம்சம் இதுதான்:

"நண்பர்களே, எமது பணியகம் தொடங்கிப் பதினாறு வருடங்கள். இதுவரை நாற்பத்தோராயிரம் ஊர்ப் பெயர்களைப் பரிசீலித்திருக்கிறோம். ஒன்றையேனும் நிராகரித்ததில்லை. ஒரு மனிதனுடைய ஊரின் பெயரை நிராகரிப்பது அநாகரிகம். முடிவு எடுத்தால்தானே நிராகரிக்க வேண்டி வரும்? ஆகவே முடிவு எடுப்பதில்லை. இதற்காகப் போன வருடம் எமக்கு மரியாதைக்கான விருது கிடைத்தது. சிலர் கேட்கிறார்கள், ஒரு பெயருக்கு அர்த்தம் தெரியாவிட்டால் என்ன, அங்கே மனிதர் பிறக்க முடியாதா என்று. பிறக்கலாம். ஆனால் எங்கே பிறந்தோம் என்று தெரியாமல் பிறப்பது பொறுப்பான செயலா? உங்கள் வலி எமக்கு விளங்குகிறது. விளங்குவதற்கென்றே ஓர் உத்தியோகத்தரை நியமித்திருக்கிறோம். இன்றைக்கு அவர் விடுமுறை."

கை தட்டச் சொல்லிச் சைகை காட்டினார்கள். சிலர் தட்டினார்கள். அருமைராசாவின் முறை வந்தது. கல்லா பஞ்சா என்று ஒரு சொல்லில் பதில் சொல்ல வேண்டும் என்றார்கள்.

பதின்மூன்று வருடமாக இந்த நாட்டில் "மெர்சி", "சொறி" என்கிற இரண்டு சொல்லை மட்டும் வைத்துக் காலம் தள்ளிய மனுசன் அவர். அன்றைக்கு என்ன வந்ததோ, எழும்பி நின்றார்.

"ஐயா, நான் ஒண்டு கேக்கிறன். மொன்ட்ரியால் எண்டால் என்ன அர்த்தம்?"

ராதா தயங்கினாள். "சொல்லு பிள்ளை" என்றார். சொன்னாள்.

பணிப்பாளர் சிரித்தார். அரச மலை, அது எல்லாருக்கும் தெரிந்ததுதானே என்றார்.

"எந்த அரசன்? அவர் ஒப்பம் வைச்ச கடிதம் கிடக்கோ? அவற்றை மரணச் சான்றிதழைக் காட்டுங்கோ பாப்பம்! மலையைக் கடல் பக்கத்தாலை ஒண்டு, தரைப் பக்கத்தாலை ரெண்டு படம் எடுத்து வைச்சிருக்கிறியளோ? அந்த மலையிலை நேற்று ஒருத்தன் நாயோடை நடந்து போனான். அவன் அரசன் இல்லையெண்டு அவனிட்டை எழுதி வாங்கினனீங்களோ? என்ரை பிள்ளை இடுப்பளவு தண்ணியிலை நிண்டு காலைக் கிழிச்சுக்கொண்டு படம் எடுத்தவள்! நீங்கள் ஆரெண்டாலும் ஒருக்கால் உந்தக் கதிரையை விட்டு எழும்பினனீங்களோ?"

ராதா ஒரு சொல்லும் விடாமல் மொழிபெயர்த்தாள். குரலையும் சேர்த்து மொழிபெயர்த்தாள்.  பிறகு, சைகை காட்டாமலே, அறுபது எழுபது பேரும் கை தட்டினார்கள். ஒரு ஹெயிட்டிக்காரி ஓடிவந்து அருமைராசாவைக் கட்டிப்பிடித்தாள். அன்றைக்குப் பின்னேரம் அவர் வயிறாரச் சாப்பிட்டார். சிவாஜினிக்கு ஃபோன் எடுத்து நடந்ததைச் சொன்னார்.

"நல்லாக் குடுத்தியள். ஆனால் ஏனப்பா, அவையைக் கோவப்படுத்திப்போட்டு இப்ப பிள்ளையின்ரை அலுவல் என்ன ஆகப்போகுது?"

"அவை கோவிக்கேல்லை. பணிப்பாளர் எழுதிக்கொண்டவர்."

"எழுதினவரோ? அதுதானப்பா எனக்குப் பயமாயிருக்கு."

அவள் பயந்தது சரி. மார்ச் மூன்றாந் திகதி கடிதம் வந்தது. "தாங்கள் விசாரணையின்போது மொன்ட்ரியால் எனும் புதிய இடப்பெயரை முன்வைத்துள்ளீர்கள். இது மிகவும் பெறுமதியான பங்களிப்பு. அதன் மூலமும் பொருளும் தெளிவாகும் வரை, தங்கள் கோப்பும் அக்கோப்பும் ஒன்றாகவே பரிசீலிக்கப்படும்." கடிதத் தலைப்பில் நகரத்தின் பெயர் இருக்கும் இடத்தை வெள்ளை மையால் அழித்திருந்தார்கள்.

அருமைராசா சப்பாத்தை அரைகுறையாகப் போட்டுக்கொண்டு தெளிவுக் கந்தோருக்கு ஓடினார். கேட்டதை வாபஸ் வாங்குகிறேன் என்றார். கேட்ட கேள்வியைக் கேட்காததாக்குவதற்கு ஒரு படிவம் இருக்கிறது, ஆனால் அந்தக் கேள்விக்கு விடை கிடைத்த பிறகுதான் அதை நிரப்பலாம் என்றார்கள். யன்னல் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"நான் பிழை விட்டிட்டன் அம்மா. பொயின்ற் பெட்ரோ எண்டு ஒரு இடமும் இல்லை. நான் அல்வாய். அல்வாய்தான். கோயிலடி. என்ரை வாயிலை வந்த பிழை. பிள்ளையைத் தண்டிக்காதேங்கோ."

மதாம் பெலான்ஜே கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு கடதாசிக் கைக்குட்டை தள்ளிவிட்டார். அல்வாய் சிறிய இடம், அழவேண்டிய அளவுக்கு அதில் பிரச்சினை இல்லை என்று ராதா மூலம் சொன்னார். முடிவு மார்ச் பதினேழு காலையில் தயாராக இருக்கும், வரவும் என்றார்.

பதினாறாந் திகதி அருமைராசா, ஒரு நாள் முந்தித் தாங்கோ என்று மூன்று தரம் போய்க் கேட்க நினைத்தார். ஞாயிற்றுக்கிழமை, கந்தோர் பூட்டு. பதினேழு விடிந்தது. பிந்திவிட்டது என்று தெரிந்துகொண்டே போனார். தெரிந்தாலும் போகத்தானே வேண்டும், தகப்பன் அல்லவா?

மதாம் பெலான்ஜே பல் முழுக்கத் தெரியச் சிரித்தபடி இருந்தார். கடிதத்தை நீட்டினார். ராதா வாசித்தாள்.

"பொயின்ற் பெட்ரோ எனும் பெயர் நிராகரிக்கப்படவில்லை. ஏற்கப்படவும் இல்லை. ஆகவே விண்ணப்பதாரரின் மகள் பிறந்த இடம் நிலுவையில் உள்ளது. இடம் இல்லாமல் பிறப்பு நிகழ முடியாது. ஆகவே பிறப்பும் நிலுவையில் உள்ளது. பிறப்பு நிலுவையில் உள்ளவருக்கு வயது கணக்கிடப்படமாட்டாது."

"வாழ்த்துச் சொல்றாங்க சார்," என்றாள் ராதா. கடிதத்தை மடித்து அவரிடம் குடுத்தாள். "உங்க பொண்ணுக்கு இனிமே இருபத்திரண்டு வயசு ஆகவே ஆகாதாம்."

அருமைராசா யன்னலை எட்டிப் பிடித்தார். பதின்மூன்று வருடத்தில் இந்த நாட்டுச் சட்டம் அவருக்குச் சாதகமாக ஒருதரமும் வளைந்ததில்லை. "அப்ப பிந்தேல்லை! அப்ப பிள்ளை வரலாமோ?"

ராதா கேட்டாள். மதாம் தலையை ஆட்டினார். சந்தோசமாகத்தான் ஆட்டினார்.

"தாராளமா வரலாமாம். பிறந்த பிறகு."

"நானும் அங்கைதானே பிறந்தனான்? நான் எப்பிடி இஞ்சை நிக்கிறன்?"

அது வேறு கோப்பு என்றார்கள். விண்ணப்பம் போடுகிற அளவுக்கு அவர் பிறந்திருப்பதாகப் பணியகம் ஏற்றுக்கொள்கிறது. கூடவே இன்னொரு கடிதமும் குடுத்தார்கள்: சிவாஜினியின் கோப்பு பதிவாகிவிட்டது. கொழும்பில் பிறந்தவள், ஒரு சிக்கலும் இல்லை. பிள்ளைகள் எவரும் இல்லாத மனைவி என்று அதில் போட்டிருந்தது.

அருமைராசா தள்ளாடிக்கொண்டு வந்து வரிசைக் கதிரை ஒன்றில் இருந்தார். அப்போதுதான் ஃபோன் அடித்தது. நிருஷா. ஊரில் விளக்கு வைக்கிற நேரம். பின்னால் யாரோ கேக் வெட்டுகிற சத்தம், சிரிப்பு.

"அப்பா, சவிரிமுத்து அண்ணையும் வந்திருக்கிறார், பெரிய மீன் கொண்டந்தவர். கந்தோரிலை என்ன சொன்னவை? பிந்திப்போச்சோ?"

"பிந்தேல்லை அம்மா," என்றார்.  "உனக்கு இண்டைக்கு இருபத்திரண்டு இல்லையாம். நீ இன்னும் பிறக்கேல்லையாம்."

அவள் சிரித்தாள். பகிடி என்று நினைத்தாள். அவர் கடிதத்தை, ராதா சொன்னபடியே, ஒவ்வொரு வரியாகச் சொன்னார். சிரிப்பு நின்றது. தாய் எங்கோ தூரத்தில் "என்னவாம், என்னவாம்" என்று விசாரித்தது கேட்டது. "நான் பிள்ளையை விட்டிட்டு ஒரு இடமும் வரமாட்டன் எண்டு சொல்லு" என்று சத்தம் போட்டதும் கேட்டது. பிறகு நிருஷா கதைத்தாள்.

"அப்பா, நான் பிறக்கேல்லையெண்டால், பதின்மூண்டு வருசமா இஞ்சை உங்களைப் பாக்கக் காத்துக்கொண்டு இருந்தது ஆரப்பா?"

அருமைராசா ஃபோனைக் காதிலிருந்து எடுக்காமலே எழும்பினார். இலக்கச் சீட்டும் எடுக்கவில்லை, வரிசையையும் பார்க்கவில்லை. நேரே போய் இரண்டு யன்னலுக்கும் நடுவில் நின்று, மகள் கேட்டதை ராதாவிடம் சொன்னார். ராதா கண்ணைத் துடைத்துவிட்டு, அந்தக் கேள்வியை அப்படியே மதாம் பெலான்ஜேயிடம் கேட்டாள்.

மதாம் கவனமாகக் கேட்டார். கேள்வியை ஒரு தாளில் எழுதியும் கொண்டார். பிறகு சில்லுக் கதிரையில் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று தயங்கி நின்று, மிகவும் மரியாதையாக ஒன்று கேட்டார்.

"சார்," என்றாள் ராதா, "இது மூலம் பத்தின கேள்வியா, பொருள் பத்தின கேள்வியான்னு கேக்கறாங்க. ரெண்டுக்கும் வேற வேற சீட்டு எடுக்கணுமாம்."